ஆறடி மீன் தொட்டியை வீட்டிலேயே ஒட்டினால் கசியாமல் நிற்குமா?

கேள்வி இதுதான்: 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை வீட்டிலேயே ஒட்ட முடியுமா? முடியும் என்றால், கசியாமல் இருக்க எந்த சிலிகான் பசை வாங்க வேண்டும்?

முடியும். ஆனால் சிலிகான் பிராண்டைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். சரியான வகையாக இருந்தால், இந்த அளவுத் தொட்டிக்குத் தேவையான பலம் எந்த நல்ல சிலிகானிலும் உண்டு. புதுத் தொட்டி கசிந்தால் நான் முதலில் சந்தேகிப்பது மூன்று விஷயங்களை. ஸ்டாண்ட் முறுக்கிக்கொண்டு நிற்கலாம். ஒட்டிய விளிம்பில் விரல் பிசுக்கோ, கண்ணாடி வெட்டும்போது தடவிய எண்ணெயோ இருந்திருக்கலாம். அல்லது சிலிகானின் மேற்பரப்பு காய்ந்து தோல் கட்டிய பிறகு கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்திருக்கலாம். மூன்றுமே முதல் குடம் தண்ணீர் ஊற்றும் முன்பே நடந்து முடிந்துவிட்டவை. அதனால் இந்தப் பதிலில் பாதிக்கு மேல் தண்ணீருக்கு முந்தைய வேலையைப் பற்றித்தான்.

அளவும் தடிமனும்

கண்ணாடியின் தடிமனை முதலில் தீர்மானிப்பது தண்ணீரின் உயரம். நீளத்துக்கு ஓரளவு பங்குண்டு. அகலத்துக்கு, அதாவது முன்னிருந்து பின்னுக்கு உள்ள தூரத்துக்கு, முன் கண்ணாடியைப் பொறுத்தவரை பங்கே இல்லை. 2 அடி அகலத்தை 3 அடியாக்கினாலும் முன் கண்ணாடி உணரும் அழுத்தம் அதேதான்.

60 செ.மீ. ஆழத்தில் ஒவ்வொரு சதுர செ.மீட்டரிலும் 60 கிராம் அழுத்தம். மேல்மட்டத்தில் ஒன்றுமில்லை. சராசரி 30 கிராம். 180 × 60 செ.மீ. கண்ணாடியில் 10,800 சதுர செ.மீ. இருக்கிறது. பெருக்கினால் 324 கிலோ. நான்கைந்து ஆட்களின் முழு எடை இரவும் பகலும் உள்ளிருந்து அழுத்திக்கொண்டே நிற்பதற்குச் சமம் அது.

60 செ.மீ. உயரத்துக்கு, மேலே கண்ணாடிப் பட்டைகள் ஒட்டினால் 12 மி.மீ. போதும். பட்டை இல்லாமல் திறந்த விளிம்பாக வேண்டுமென்றால் 15 மி.மீ. உயரம் இரட்டித்தால் தேவைப்படும் தடிமன் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. அதனால்தான் 75 செ.மீ. உயரம் என்றவுடன் பேச்சு 19 மி.மீ. கண்ணாடிக்குப் போய்விடுகிறது. முதல் தொட்டி கட்டுபவர் உயரத்தில் ஆசைப்படாமல் நீளத்திலும் அகலத்திலும் ஆசைப்படுவது நல்லது. மீனுக்கும் அதுதான் பிடிக்கும்.

எடையையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கண்ணாடி 135 கிலோ. மேல் பட்டைக்குக் கீழே 55 செ.மீ. நிரப்பினால் தண்ணீர் சுமார் 560 லிட்டர். 5 செ.மீ. மணல் 80 கிலோ. ஸ்டாண்டும் கல்லும் சேர்ந்தால் மொத்தம் 850 முதல் 900 கிலோ வரை வரும். ஒரு சதுர மீட்டர் சொச்சம் இடத்தில் இவ்வளவும் நிற்கப்போகிறது. வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுக்கே கணக்கிடப்படுகின்றன. அந்தக் கணக்கு அறை முழுவதற்குமானது என்பதால் உடனே ஆபத்து என்று சொல்ல முடியாது. ஆனாலும் தரைத்தளம் இல்லையென்றால், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் பீம் எங்கே ஓடுகிறது என்று கேட்டு, சுவரை ஒட்டி, பீமுக்கு மேலாக வைக்க வேண்டும்.

கண்ணாடி வெட்டக் கொடுக்கும்போது

அடிக்கண்ணாடியின் மேல் நான்கு சுவரும் நிற்கும் முறையைச் சொல்கிறேன். முன், பின் கண்ணாடிகள் முழு நீளம். பக்கக் கண்ணாடிகள் இரண்டும் அவற்றுக்கு நடுவில். எல்லாம் 12 மி.மீ.

அடி: 1800 × 600 மி.மீ., ஒன்று
முன், பின்: 1800 × 600, இரண்டு
பக்கம்: 573 × 600, இரண்டு
நீளப் பட்டை: 1770 × 100, இரண்டு
குறுக்குப் பட்டை: 570 × 150, இரண்டு

573 எப்படி வந்தது? 600-இல் முன், பின் கண்ணாடிகளின் தடிமன் 24 போய், இரண்டு மூட்டுகளில் 1.5 மி.மீ. வீதம் சிலிகானுக்கு 3 போய் மீதி. இந்த 3 மி.மீட்டரை மறந்து 576 என்று வெட்டக் கொடுப்பது வழக்கமான தவறு. அப்படி வெட்டினால் ஒன்று, முன் கண்ணாடி அடியை விட்டு வெளியே துருத்தும். இல்லையென்றால் சிலிகானுக்கு இடமே இல்லாமல் கண்ணாடியும் கண்ணாடியும் முட்டும். கடையில் வரும் 12 மி.மீ. கண்ணாடி சரியாக 12 இருக்காது, கொஞ்சம் குறைவாக இருப்பது உண்டு. வெர்னியரால் அளந்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

விளிம்புகளை நேராக, தட்டையாக பாலிஷ் செய்யச் சொல்லுங்கள். பென்சில் பாலிஷ் என்று உருட்டிக் கொடுத்துவிட்டால் ஒட்டும் பரப்பு குறைந்துபோகும். மேல் விளிம்பு மட்டும் உருண்டிருந்தால் பரவாயில்லை.

கண்ணாடி வந்ததும் ஒவ்வொன்றின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கவும். வித்தியாசம் ஒன்றரை மி.மீட்டரைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள். பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி விரலால் விளிம்பைத் தடவினால் படி தட்டக்கூடாது. விளிம்பில் சிப்பி போலச் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுப்பரப்பில் இருக்கும் லேசான கீறல் கண்ணுக்குத்தான் உறுத்தல். விளிம்பில் 2 மி.மீ. ஆழச் சில்லு இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

டஃபன்ட் (உலையில் சூடாக்கிப் பதப்படுத்திய) கண்ணாடி இன்னும் பலமாயிற்றே என்று கேட்பார்கள். பலம்தான். ஆனால் பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது. உலையில் உருளைகளின் மேல் ஓடும்போது லேசாக அலை விழுவதால் விளிம்பு நூல் பிடித்தாற்போல் இருப்பதில்லை. உடைந்தால் ஒரு நொடியில் மொத்தமும் நொறுங்கி, 560 லிட்டரும் தரைக்கு வந்துவிடும். சாதாரண ஃப்ளோட் கண்ணாடி பெரும்பாலும் விரிசல் விட்டு, கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். வீட்டில் ஒட்டுவதற்கு அதுவே சரி.

ஸ்டாண்ட்

எடையைத் தாங்காத ஸ்டாண்டை அரிதாகத்தான் பார்க்க முடியும். தாங்கும், ஆனால் தட்டையாக இல்லாத ஸ்டாண்ட்தான் தொட்டியைக் கெடுக்கிறது.

50 × 50 மி.மீ., 3 மி.மீ. தடிமன் இரும்புச் சதுரக் குழாய், ஆறு கால், மேல் சட்டத்தில் 45 செ.மீட்டருக்கு ஒரு குறுக்குக் குழாய் என்று போட்டால் எடையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சிக்கல் வெல்டிங்கில் இருக்கிறது. ஒரு பக்கத்தையே தொடர்ந்து பற்றவைத்தால் சூட்டில் குழாய் இழுத்துக்கொள்ளும். எல்லா மூலைகளையும் முதலில் புள்ளி வைத்து, பிறகு எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி முழுதாக வெல்டு செய்யச் சொல்ல வேண்டும். மேற்புறத்து வெல்டு மேடுகளை அரைத்துவிட வேண்டும்.

வந்ததும் செய்ய வேண்டிய சோதனைக்கு இரண்டு நூல் போதும். மேல் சட்டத்தின் எதிரெதிர் மூலைகளுக்கு ஒவ்வொரு நூலை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று லேசாகத் தொட்டபடி இருக்க வேண்டும். ஒரு நூல் மற்றதை அழுத்தித் தள்ளினாலோ, இரண்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தாலோ சட்டம் முறுக்கியிருக்கிறது. எந்த நூல் மேலே போகிறது என்று மாற்றிக் கட்டியும் ஒருமுறை பாருங்கள். ரசமட்டத்தால் மட்டும் பார்த்தால் இந்த முறுக்கு அகப்படாது.

நீளவாக்கில் 2, 3 மி.மீ. சாய்வு இருந்தால் தண்ணீர் கோடு கொஞ்சம் கோணலாகத் தெரியும், அவ்வளவுதான். முறுக்கு அப்படியில்லை. ஒரு மூலை 2 மி.மீ. தாழ்ந்திருந்தால் அடிக்கண்ணாடி அந்தப் பக்கம் வளையப் பார்க்கும். சுவர்கள் வளைய மறுக்கும். இழுபடுவது மூலையிலுள்ள சிலிகான். பல மாதம் தாங்கிவிட்டு ஒரு நாள் அந்த மூலை ஈரமாகும். அப்போது திட்டு வாங்குவது சிலிகான்.

முறுக்கைச் சரிசெய்ய வேண்டிய இடம் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் அட்டையோ பிளாஸ்டிக்கோ சொருகக்கூடாது. சட்டத்தின் மேல் 18 மி.மீ. நீர் தாங்கும் ப்ளைவுட், விளிம்புகளுக்கு இரண்டு கை பெயின்ட். அதன்மேல் 10 அல்லது 12 மி.மீ. கெட்டியான தெர்மாகோல் ஷீட், முழுப் பரப்புக்கும். மணல்துகள், ஸ்க்ரூ தலை, ப்ளைவுட்டின் சின்ன மேடு ஆகியவற்றைத் தெர்மாகோல் விழுங்கிவிடும். முறுக்கை விழுங்காது.

சிலிகான் வாங்கும்போது

டியூபில் நூறு சதவீதம் சிலிகான் என்றிருக்க வேண்டும். காயும்போது வினிகர் வாடை வரும் அசிட்டாக்ஸி வகை கண்ணாடியை நன்றாகப் பிடிக்கும். பூஞ்சை எதிர்ப்பு, குளியலறைக்கு, சமையலறைக்கு என்று எழுதியிருந்தால் வேண்டாம். அதில் கலந்திருக்கும் மருந்து மீனுக்கு ஆகாது. பெயின்ட் அடிக்கலாம் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் சுத்தமான சிலிகான் இல்லை. மீன் தொட்டிக்கென்றே அச்சிட்டது கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

பிராண்டை விட முக்கியம் காலாவதித் தேதி. பழைய சிலிகான் பிதுக்கும்போது சரியாகத்தான் வரும். காய்ந்தபின் ரப்பராகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும், இல்லையென்றால் கண்ணாடியைப் பிடிக்காது. எனவே ஒட்டுவதற்கு மூன்று நாள் முன்பே, கண்ணாடிக் கடையில் வாங்கிய துண்டுகள் இரண்டை, ஒட்டும் நாளில் பயன்படுத்தப்போகும் அசிட்டோனாலேயே (எண்ணெயைக் கரைக்கும் திரவம்) துடைத்து, அதே டியூபிலிருந்து ஒரு கோடு போட்டு ஒட்டிவையுங்கள். பிறகு பிரித்துப் பாருங்கள். சிலிகான் நடுவில் கிழிந்து இரண்டு கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டிருந்தால் நல்லது. ஒரு கண்ணாடியிலிருந்து ஸ்டிக்கர் மாதிரி சுத்தமாக உரிந்து வந்தால் டியூப் பழசு, இல்லையென்றால் துடைத்தது போதவில்லை. இரண்டில் எது என்று வேறொரு டியூபால் தெரிந்துகொள்ளலாம்.

எத்தனை டியூப்? மூட்டுகளின் மொத்த நீளம் 7 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 12 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. கனத்துக்கு மூட்டுக்குள் நிற்பது 130 மி.லி.தான். பிதுங்கி வெளியேறுவது, உள்மூலைகளுக்கு, மேல் பட்டைகளுக்கு என்று சேர்த்தால் 600, 700 மி.லி. ஆகிவிடும். 300 மி.லி. டியூப் நான்கு வாங்குங்கள். பாதியில் தீர்ந்து கடைக்கு ஓடுவதைவிட ஒன்று மிஞ்சட்டும். டியூபைப் பிதுக்கும் கன் மலிவானதாக இல்லாமல், விட்டவுடன் அழுத்தம் நிற்கும் வகையாக இருப்பது கைக்கு இதம்.

ஒட்டும் நாள்

குறைந்தது இரண்டு பேர், மூன்று பேர் என்றால் நிம்மதி. முன் கண்ணாடி ஒன்றே 32 கிலோ. அதைத் தூக்கி, ஆடாமல், நேராக இறக்க வேண்டும்.

முதலில் சிலிகான் இல்லாமல் ஒரு ஒத்திகை. அடிக்கண்ணாடியை ஸ்டாண்டின் மேல், தெர்மாகோல் விரித்த இடத்திலேயே வைத்து ஒட்டுவது உத்தமம். பிறகு தூக்கி மாற்றும் வேலை இல்லை. அங்கே ஸ்டாண்டைச் சுற்றி நிற்க எல்லாப் பக்கமும் இடம் இல்லையென்றால், அறையின் நடுவில் ஒட்டிவிட்டு, காய்ந்ததும் காலித் தொட்டியை நான்கைந்து பேர் தூக்கிவைக்கலாம். ஒத்திகையில் சுவர்களை நிறுத்தி, டேப் போட்டு, எது எங்கே என்று வெளிப்பக்கத்தில் மார்க்கரால் எண் எழுதுங்கள். உட்புறம், வெளிப்புறம், மேல், கீழ் எல்லாம் குறித்துவிடுங்கள். சிலிகான் போட்டபின் எந்தப் பக்கம் உள்ளே என்று பேசிக்கொண்டு நிற்க நேரம் இருக்காது.

நிறுத்திய நிலையிலேயே உள்மூலைகளில் இரண்டு பக்கமும், மூலையிலிருந்து 8 மி.மீ. தள்ளி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வெளிப்பக்கமும் அப்படியே. பிறகு பிரித்து அடுக்குங்கள்.

அடுத்தது துடைப்பது. அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணி ஒன்று, உலர்ந்தது ஒன்று. நனைத்ததால் ஒரு இழுப்பு. அது ஆவியாகும் முன் உலர்ந்ததால் ஒரு இழுப்பு. ஆவியாக விட்டுவிட்டால் கரைந்த எண்ணெய் மறுபடி கண்ணாடியிலேயே படிந்துவிடும். துணியை ஒவ்வொரு முறையும் மடித்துப் புதுப்பக்கம் காட்டுங்கள். வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் வருவது நின்றபிறகு இன்னும் ஒருமுறை. விளிம்பு மட்டும் போதாது; விளிம்பு உட்காரும் பட்டையையும், உள்மூலை சிலிகான் படும் பரப்பையும் துடைக்க வேண்டும். சோப்புத் தண்ணீர், பாலிஷ் கலந்த கண்ணாடித் துடைப்பான் இரண்டும் வேண்டாம். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு நெருப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு கையுறை இல்லாமல் விளிம்பைத் தொட்டவர் அந்த இடத்தை மறுபடி துடைக்க வேண்டும். கறாராக இருங்கள்.

சிலிகானுக்கு 1.5 மி.மீ. கனம் ஏன் என்ற கேள்வி வரும். தண்ணீர் ஏறும்போது கண்ணாடி கொஞ்சம் பிதுங்கும், மூட்டு இழுபடும். கனமான ரப்பர் அந்த இழுப்புக்கு நீண்டு கொடுக்கும். முழுக்க நசுங்கிக் காகிதம் போல் ஆன ரப்பருக்கு நீள இடமில்லை, விட்டுப்போகும். சுவரை அழுத்தி அழுத்தி ஒட்டினால் பலம் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர்மாறு. டைல்ஸ் ஒட்டும்போது வைக்கும் 1.5 மி.மீ. பிளாஸ்டிக் ஸ்பேசர்களை 40 செ.மீட்டருக்கு ஒன்று, வெளி விளிம்பில் 3, 4 மி.மீ. மட்டும் உள்ளே போகும்படி வைத்தால் கனம் தானாக நிற்கும். இரண்டு நாள் கழித்து உருவிவிட்டு அந்தக் குழிகளைச் சிலிகானால் நிரப்பிவிடலாம்.

இப்போது டியூபின் முனைக்குழாயான நாசிலைச் சாய்வாக, 6 மி.மீ. வாய் வரும்படி வெட்டுங்கள். வரிசை: பின், ஒரு பக்கம், மறுபக்கம், கடைசியில் முன்.

பின் கண்ணாடி உட்காரும் இடத்தில், அடிக்கண்ணாடியின் விளிம்பிலிருந்து 6 மி.மீ. உள்ளே ஒரே கோடாகப் பிதுக்குங்கள். கன்னை முன்னோக்கித் தள்ளியபடி போங்கள். சிலிகான் நாசிலுக்கு முன்னால் குவிந்துகொண்டே போகும், காற்று அடைபடாது. நடுவில் நின்றுவிட்டால், தொடங்கும்போது பழைய முனைக்குள்ளேயே நாசிலைப் புதைத்துத் தொடங்குங்கள். பிறகு கண்ணாடியை மேலிருந்து நேராக இறக்குங்கள். வைத்துவிட்டு நகர்த்தினால் சிலிகான் ஒரு பக்கமாக வழித்துப்போய் மறுபக்கம் வெற்றிடமாகிவிடும். ஒருவர் பிடித்துக்கொள்ள, அடுத்த கோடு: பக்கக் கண்ணாடிக்கு அடியில், பின்னால். இறக்கி, மூலைமட்டம் வைத்து, அகலமான டேப்பால் வெளியே இழுத்துக் கட்டுங்கள். மறுபக்கமும் அப்படியே. கடைசியாக முன் கண்ணாடி: அடியிலும், இரு பக்கக் கண்ணாடிகளின் முன் விளிம்புகளிலும் கோடு போட்டு, மூன்று பேராக இறக்குங்கள்.

காய்ச்சிய பாலில் ஆடை கட்டுவது போல சிலிகானும் காற்று பட்டவுடன் தோல் கட்டும். வெப்பமான, ஈரக் காற்றில் 8, 10 நிமிடத்திலேயே. அதனால் எல்லா மூட்டுக்கும் முதலிலேயே கோடு போட்டுவைக்கக்கூடாது. போட்ட கோட்டின் மேல் 5 நிமிடத்துக்குள் கண்ணாடி உட்கார வேண்டும். தாமதமாகிவிட்டதா? விரல் நுனியால் தொடுங்கள். ஒட்டாமல் வழுக்கினால் ஆடை கட்டிவிட்டது. வருத்தப்படாமல் வழித்துத் துடைத்து, அசிட்டோன் போட்டு, மறுபடி கோடு போடுங்கள்.

நான்கும் நின்றதும் வெளியிலிருந்து ஒவ்வொரு மூட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நிரம்பிய இடம் ஒரே நிறமாக, ஈரமாகத் தெரியும். காற்று நின்ற இடம் வெள்ளி போல மின்னும். நடுவில் தனியாக 2, 3 மி.மீ. குமிழி இருந்தால் விட்டுவிடலாம். உள் விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை வாய்க்கால் மாதிரி மின்னல் ஓடினால் அதுதான் நாளைய கசிவு. இப்போதே கண்ணாடியைத் தூக்கி மறுபடி ஒட்டினால் அரை மணி நேர வேலை.

உள்ளே பிதுங்கி வந்ததோடு தேவையான அளவு சேர்த்து, வளைவாக வெட்டிய பிளாஸ்டிக் அட்டையால் ஒரே இழுப்பில் உள்மூலையை வழித்து, மாஸ்கிங் டேப்பை உடனே, ஈரத்திலேயே உரித்துவிடுங்கள். காய்ந்தபின் உரித்தால் விளிம்பு கிழிந்து தூக்கிக்கொள்ளும். உள்மூலைச் சிலிகான் இரண்டாவது காவல். தொட்டியைத் தாங்குவது இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் சிலிகான். நடுவில் சரியில்லாததை உள்மூலையில் தடிமனாக அப்பிச் சமாளிக்க முடியாது.

மேல் பட்டைகளை இரண்டு நாள் கழித்து ஒட்டலாம். நீளப் பட்டைகளை விளிம்பிலிருந்து 25 மி.மீ. கீழே, அடியில் மரக்குச்சிகள் முட்டுக் கொடுத்து ஒட்டுங்கள். அவற்றின் மேல், நீளத்தை மூன்றாகப் பிரிக்கும் இடங்களில் குறுக்குப் பட்டைகள். இவை தூசி மூடிகளைத் தாங்குவதற்கென்று நினைத்து ஏனோதானோவென்று ஒட்டுபவர்கள் உண்டு. 12 மி.மீ. போதும் என்று சொன்னதே இவற்றை நம்பித்தான்.

காய வைப்பதும் சோதனையும்

சிலிகான் காய்வது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான். இரண்டு பக்கமும் கண்ணாடி என்பதால் ஈரம் மூட்டின் ஓரத்தில் மட்டுமே நுழையும். முதல் நாள் 2, 3 மி.மீ. ஆழம் காயும். உள்ளே போகப் போக வேகம் குறையும். வெளியே ரப்பராகத் தெரிந்தாலும் நடுவில் களியாகவே இருக்கும். பட்டைகள் ஒட்டியபின் முழுதாக 7 நாள். குளிரோ வறண்ட காற்றோ என்றால் 10 முதல் 14 நாள். வெறும் சூடு காட்டினால் மட்டும் சீக்கிரம் காய்ந்துவிடாது. பக்கத்தில் ஈரத்துணி தொங்கவிடுவது உதவும். தொட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தால் வினிகர் வாடை துளியும் இருக்கக்கூடாது.

சோதனையைத் தொட்டி நிரந்தரமாக நிற்கப்போகும் ஸ்டாண்டின் மேலேயே செய்யுங்கள். வேறு தரையில் வைத்துச் சோதித்தால் அந்தத் தரையைத்தான் சோதித்ததாகும். அடியைச் சுற்றி உலர்ந்த செய்தித்தாள் பட்டைகளைச் சொருகிவிடுங்கள். ஒரு சொட்டு பட்டாலும் கறுத்துக் காட்டும். 20 செ.மீ. நிரப்பி 12 மணி நேரம். 40 செ.மீ. நிரப்பி 12 மணி நேரம். பிறகு முழுதும் நிரப்பி மூன்று நாள். ஒவ்வொரு கட்டத்திலும் முன் கண்ணாடியின் குறுக்கே நேரான அலுமினியச் சட்டத்தை வைத்துப் பிதுக்கத்தை அளந்து எழுதுங்கள். ஒன்று, ஒன்றரை மி.மீ. பிதுங்கி அங்கேயே நின்றால் இயல்பு. நாளுக்கு நாள் எண் ஏறினால் தண்ணீரை இறக்கிவிடுங்கள்.

ஈரம் தெரிந்தவுடன் பதற வேண்டாம். குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஈரமான நாளில் கண்ணாடியே வியர்க்கும். துடைத்துவிட்டு, தண்ணீர் அறை வெப்பத்துக்கு வந்தபின் பாருங்கள். வியர்வை பரவலாக இருக்கும். கசிவு ஒரு இடத்திலிருந்து கோடாக வரும்.

கசிந்தால்

தண்ணீர் தெரியும் இடம் ஓட்டை இருக்கும் இடமாக இருக்க வேண்டியதில்லை. மூட்டுக்குள் புகுந்து அடிவிளிம்பு வழியாக ஓடி ஒரு முழம் தள்ளிச் சொட்டும். கண்டுபிடிக்க எளிய வழி, எதையும் தொடாமல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது. எந்த மட்டத்தில் சொட்டு நிற்கிறதோ, அந்த உயரத்தில்தான் ஓட்டை. கடைசிவரை நிற்கவில்லையென்றால் அடி மூட்டு.

வெளியிலிருந்து சிலிகான் அப்புவது வீண். உள்ளிருந்து வரும் அழுத்தம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே, கசியும் இடத்தில் மட்டும் ஒரு கட்டி வைப்பதும் நிற்காது. புதுச் சிலிகான் பழைய சிலிகானைச் சரியாகப் பிடிப்பதில்லை. தண்ணீரை வடித்து, நன்றாகக் காயவைத்து, உள்மூலைச் சிலிகான் முழுவதையும் எல்லா மூலைகளிலும் பிளேடால் வழித்தெடுத்து, அசிட்டோனால் துடைத்து, ஒரே மூச்சில் புதிதாகப் போட வேண்டும். நடுச் சிலிகான் கண்ணாடியை விட்டு உரிந்திருந்தால் அதுவும் பலிக்காது. மெல்லிய கம்பியை மூட்டுக்குள் அறுத்து இழுத்து, தொட்டியைப் பிரித்து, முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை.

தொட்டி சரியாக இருந்தும் வீடு நனைவது

கல் வைப்பதானால் மணலுக்கு முன்பே, அடிக்கண்ணாடியில் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் விரித்து அதன்மேல் வையுங்கள். மணல்மேல் வைத்த கல்லை மீன் தோண்டிச் சாய்த்துவிடும். பாசி சுரண்டும் பிளேடு உள்மூலைக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றுவிட வேண்டும். மூலையில் பாசி இருந்தால் துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

துளை போட்டு சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) வைப்பவர்கள், முதலில் பல்க்ஹெட்டை (துளையில் குழாயைப் பொருத்தும் இணைப்பு) வாங்கி அதன் கழுத்தை அளந்து, பிறகு துளை போடுங்கள். துளையின் ஓரத்துக்கும் கண்ணாடியின் ஓரத்துக்கும் நடுவே குறைந்தது ஒரு துளை அகலம் இடம் வேண்டும். வைரப்பொடி ஹோல்சா (வட்டத் துளை போடும் பிட்), தொடர்ந்து தண்ணீர், மெதுவான வேகம், கடைசியில் கை அழுத்தமே இல்லாமல். ரப்பர் வாஷர் தொட்டியின் உள்பக்கம், தலைக்கு அடியில். கையால் முறுக்கி, அதற்குமேல் கால் சுற்று. ரப்பருக்கு மேல் சிலிகான் தடவினால் அது வழுக்கி வாஷரைப் பிதுக்கிவிடும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பலர் யோசிப்பதில்லை. பம்ப் நின்றவுடன், தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ரிடர்ன் குழாய் (சம்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய்) சைஃபனாகி, அதாவது தானாகவே தண்ணீரைக் கீழே இழுத்து, தன் வாய் வெளியே தெரியும்வரை தொட்டியை சம்புக்குள் இறக்கும். இந்தத் தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் 10 லிட்டர். குழாய் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 50 லிட்டர். சைஃபனை உடைக்கப் போடும் சின்ன ஓட்டை பாசியாலோ நத்தையாலோ அடைபடும் என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. குழாய் வாயை நீர்மட்டத்துக்கு 1, 2 செ.மீ. கீழே மட்டும் வைத்து, பம்பை வேண்டுமென்றே நிறுத்தி, எல்லாம் வடிந்தபின் சம்ப் வழியாமல் நிற்கிறதா என்று பாருங்கள். மறுபடி பம்பைப் போட்டு, ஓடும்போது சம்பில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு. ஆவியான தண்ணீரை ஈடுசெய்யும்போது அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு கப் கூட ஊற்ற வேண்டாம்.